கால் மணி நேரக் கடல்

என் வீட்டுக்காரர் தன் எடை 80 கிலோ என்றுதான் டாக்டரிடமும் சொல்வார், இன்சூரன்ஸ் படிவத்திலும் எழுதுவார். அன்று ராத்திரி குளியலறை எடை மெஷினில் அவரை ஏற்றி நிறுத்தினேன். 86.4 என்று காட்டியது.

"செருப்போட நிக்கிறேன்ல" என்றார்.

"சரி, கழட்டுங்க."

86.1.

"கிளம்புற அன்னைக்குச் சட்டை, பேன்ட், பெல்ட், போன், பர்ஸ் எல்லாத்தோடயும்தானே ஏறப் போறீங்க? 88னு போட்டுக்கிறேன்" என்று நோட்டில் எழுதினேன். மகள் 49. நான் 63. பிறகு பைகள் ஒவ்வொன்றாக ஏறின. மகளின் ஹேர் டிரையர் அரைக் கிலோ. மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே அலமாரியில் திருப்பி வைத்தேன். அதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. பிழைப்பு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவில். 41 வயதில் சிறு விமானம் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தேன். சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்திருந்தால் தேர்வுக்குப் போகலாம். எனக்கு 71 மணி நேரம் ஆனது. கார் வாடகைக்கு எடுப்பது போல இங்கே விமானத்தையும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். நான் ஓட்டுவது செஸ்னா 172. நான்கு இருக்கை, ஓர் என்ஜின், மூக்கில் ஒரு புரொப்பல்லர், தலைக்கு மேல் இறக்கை. பயிற்சிப் பள்ளிகளில் விமானம் என்றாலே பெரும்பாலும் இதுதான்.

உள்நாட்டுக்குள் சுற்றிச் சுற்றி அலுத்த பிறகு ஆசை வந்தது. சொந்தமாக ஓட்டிக்கொண்டு இன்னொரு நாட்டில் போய் இறங்க வேண்டும். ஃபுளோரிடாக்காரர்களுக்கு அப்படி வாய்த்திருக்கும் நாடு பஹாமாஸ். அட்லாண்டிக்கில் 700க்கும் மேற்பட்ட தீவுகள். ஜனங்கள் வசிப்பது அதில் முப்பது சொச்சத்தில்தான். வார இறுதியில் சிறு விமானங்கள் ஃபுளோரிடாக் கரையிலிருந்து அங்கே போவதும் வருவதுமாக இருக்கும். அதனால் இது பெரிய வீரச் செயல் என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வுபெற்ற தாத்தாக்கள் மீன் பிடிக்கப் போய் வருகிறார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? வயசுப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு, கடலுக்கு மேல, ஒத்தைக் காத்தாடி வச்ச பிளேன்லயா போவ?" என்றாள்.

அம்மாவுக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாள். ஒத்தைக் காத்தாடிதான் விஷயம்.

கடல் வரைபடத்தை விரித்து, ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. பாம் பீச் கரையிலிருந்து கிராண்ட் பஹாமா தீவின் மேற்கு முனையான வெஸ்ட் எண்டுக்குச் சுமார் 56 கடல் மைல். நடுவில் ஒரு திட்டு கிடையாது. என்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விழாது. சறுக்கும். செஸ்னா 172 ஆயிரம் அடி உயரத்தை இழப்பதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் முன்னேறிவிடும். நான் 9,500 அடியில் இருந்தால் 14 கடல் மைல் சறுக்கலாம். தண்ணீரைத் தொட 12 நிமிஷம் ஆகும். ஆக, புறப்பட்ட கரையிலிருந்து 14 மைல் வரை திரும்பி வந்துவிடலாம். போகும் கரைக்கு 14 மைல் இருக்கும்போதே அந்தப் பக்கம் எட்டிவிடலாம். நடுவில் மிச்சம் 28 மைல். என் விமானத்தின் வேகத்துக்கு அது கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ஜின் நின்றால் மட்டும் எந்தக் கரையும் எட்டாது. கடலில்தான் இறங்க வேண்டும்.

எட்டு மாதம் நான் தயாரானது இந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான். "கடல் தாண்டிப் போறோம்" என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும். "பதினைந்து நிமிஷம்" என்றால் ஏதாவது செய்யலாம். உயரத்தைக் கூட்டினால் அது குறையும், தாழப் பறந்தால் கூடும். 9,500 என்ற எண்ணும் இஷ்டத்துக்கு எடுத்ததல்ல. கண்ணால் பார்த்துப் பறப்பவர்கள் கிழக்கே போகும்போது ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500, மேற்கே வரும்போது இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 என்று பறக்க வேண்டும். எதிரெதிரே வருகிறவர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. போகும்போது 9,500, திரும்பும்போது 8,500 என்று முடிவு செய்தேன். அந்த உயரத்துக்கு ஏற இந்தச் சின்ன என்ஜினுக்கு 25 நிமிஷமாவது வேண்டும். அதனால் புறப்படும் இடத்தை வடக்கே ஃபோர்ட் பியர்ஸ் என்று வைத்துக்கொண்டேன். கரையோரமாகவே தெற்கே ஏறிக்கொண்டு வந்து, பாம் பீச்சில் உயரம் கிடைத்ததும் இடது பக்கம் கடலுக்குத் திரும்புவது திட்டம்.

எடை மெஷின் கதைக்கு வருகிறேன். இந்த விமானம் எல்லாம் சேர்த்து 1,157 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நான் எடுத்தது வெறுமனே 762 கிலோ. மிச்சம் 395. இரண்டு இறக்கைகளிலும் எரிபொருள் நிரப்பினால் 200 லிட்டர், 144 கிலோ. ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 251 கிலோ. நாங்கள் மூன்று பேர் 200 கிலோ, ரப்பர் மிதவைப் படகு 13, பைகள், லைஃப் ஜாக்கெட், குடிதண்ணீர் எல்லாம் போட்டு 245இல் நின்றது. நான்கு இருக்கை இருக்கிறதே என்று நான்கு பெரிய ஆட்களை ஏற்றி, டேங்கையும் நிரப்பினால் இது ஓடுபாதையிலேயே திணறும். எரிபொருளைக் குறைத்துக்கொண்டு ஆட்களை ஏற்றுவோர் உண்டு. கடல் தாண்டும்போது எனக்கு அதில் சம்மதமில்லை. தீவில் எரிபொருள் இருக்கும் என்பார்கள். போய்ப் பார்த்தால் பம்ப் ரிப்பேர், கப்பல் வரவில்லை என்று ஏதாவது இருக்கும். போய்த் திரும்பும் அளவு இங்கேயே ஏற்றிக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்று. படகுக்காரர்கள் போடும் ஜாக்கெட்டில் தண்ணீர் பட்டவுடன் தானாக ஊதிக்கொள்ளும் வகை உண்டு. நல்லதுதானே என்று அதையே வாங்கப் போனேன். என் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். விமானம் தண்ணீரில் இறங்கி உள்ளே நீர் புகும்போது ஜாக்கெட் ஊதிவிட்டால் ஆள் கூரையோடு ஒட்டிக்கொள்வார். குனிந்து கதவு வழியாக வெளியேற முடியாது. 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுகளை ஒட்டிக் கடலில் இறங்கியது. இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் விமானத்துக்குள்ளேயே ஜாக்கெட்டை ஊதிவிட்டவர்கள். விமானத்துக்கு வேண்டியது இடுப்பில் பையாகக் கட்டிக்கொண்டு, வெளியே வந்த பிறகு கயிற்றை இழுத்து ஊதும் வகை. அதையும் இருக்கைக்கு அடியில் வைக்கக் கூடாது. கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

வாடகைக்கு மூன்று ஜாக்கெட் எடுத்தோம். எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. நான் இழுத்தேன், புஸ்ஸென்று ஊதியது. மகள் இழுத்தாள், ஊதியது. இவர் இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். கயிறு கையோடு வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த வாயுக் குப்பி எப்போதோ யாரோ பயன்படுத்தித் தீர்த்தது. மாற்றாமலே மடித்து வைத்திருக்கிறார்கள். கடையில் கேட்டேன். "ஸாரி" என்றார்கள், வேறொன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் புதியதன் குப்பியையும் திருகிக் கழற்றி எடை போட்டேன். நிறைந்த குப்பிக்கு இருக்க வேண்டிய எடை அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அன்றிலிருந்து அந்த எடை மெஷின் போதாமல் சமையலறைத் தராசும் விமானத் தளவாடமாகிவிட்டது.

இன்னொரு ஒத்திகை, தரையில் நிற்கும் விமானத்துக்குள். இது ஒன்றும் பாடப்புத்தகத்தில் பெரிதாக இல்லை. அனுபவஸ்தர் ஒருவர் சொன்னது. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். கடலில் இறங்கும்போது செஸ்னாவின் சக்கரங்கள் முதலில் நீரில் மாட்டும். விமானம் குப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம். தலைகீழாக, இருட்டில், மூக்கில் உப்புத்தண்ணீரோடு இருக்கும்போது மேல் எது கீழ் எது என்று தெரியாது. கைக்குத்தான் தெரியும். அதனால் ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேதான் மறு கையால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். முதலில் பெல்ட்டைக் கழற்றினால் மிதந்துபோய்க் கதவு எங்கே என்று தெரியாமல் தடவுவோம்.

எனக்கு ஆறு விநாடி. இவருக்கு ஒன்பது. பின் இருக்கையில் இருந்த மகளுக்கு 23. செஸ்னாவுக்கு இரண்டே கதவு, இரண்டும் முன்னால். பின்னால் இருப்பவர் முன் இருக்கையை நகர்த்தி மடக்கினால்தான் வெளியே வர முடியும். அந்த 23 விநாடியைப் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். திரும்பத் திரும்பச் செய்தோம். இவர் வெளியேறும்போதே தன் இருக்கையைத் தள்ளிவிட்டு வர வேண்டும் என்று முறை வைத்தோம். 14 விநாடிக்கு வந்தது. தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே இரண்டு கதவையும் திறந்து, மோதலில் மூடிக்கொள்ளாதபடி இடுக்கில் எதையாவது திணித்து வைக்க வேண்டும்.

"எதைத் திணிக்கிறது?"

"செருப்பு."

"என் செருப்பையா?"

"அரைக் கிலோகூட இல்லையே, அதுவாச்சும் உபயோகப்படட்டும்" என்றாள் மகள். ஹேர் டிரையர் கோபம் இன்னும் தீரவில்லை.

வெளியே வந்தாயிற்று, மிதக்கிறோம். பிறகு? இங்கேதான் அந்தக் கடலின் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. 1513இல் இந்தக் கரைக்கு வந்த ஸ்பானியர் போன்ஸ் தெ லியோனின் கப்பல்களைக் காற்று சாதகமாக இருந்தும் பின்னுக்குத் தள்ளியது இதுதான். மணிக்கு ஐந்து முதல் ஏழு கிலோமீட்டர் வேகம். விழுந்த இடத்தை ரேடியோவில் சொல்லிவிட்டாலும், தேடுகிறவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் நாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே போயிருப்போம். அலைக்கு நடுவே மனிதத் தலை என்பது தேங்காய் அளவு. ஆயிரம் அடியிலிருந்து அதைத் தேடுவது எப்படி என்று கடற்கரையில் நின்று யோசித்துப் பார்த்தாலே போதும்.

அதற்கு ஒரு சின்னக் கருவி இருக்கிறது. சட்டைப்பையில் அடங்கும். பொத்தானை அமுக்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும். எங்கே இருக்கிறோம் என்பதை ஜி.பி.எஸ். வழியாக விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்பாட்டின் கதை எனக்குப் பிடித்தமானது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1979இல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்து இதைத் தொடங்க ஒப்புக்கொண்டன. ஏவுகணைகளை ஒருவர் மேல் ஒருவர் குறி வைத்துக்கொண்டே, கடலில் தத்தளிப்பவனைச் சேர்ந்து தேடுவோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கோஸ்பாஸ்-சார்சாட் என்று பெயர். கருவியை வாங்கினால் மட்டும் போதாது, நம் பெயரிலும் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணிலும் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் காசில்லை. கருவி என் மகளின் இடுப்பில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுபவிக்கும்போது அது சுருக்கமாக இல்லை. முதலில் கேட்ட பயிற்சிப் பள்ளி, தங்கள் விமானங்களின் இன்சூரன்ஸ் நாட்டு எல்லைக்குள் மட்டும்தான் என்று கைவிரித்தது. இரண்டாவது இடத்தில் இன்சூரன்ஸ் இருந்தது. விமானத்தின் ரேடியோவுக்கு லைசென்ஸ் இல்லை. ரேடியோவுக்கு லைசென்ஸா என்று எனக்கும் ஆச்சரியம். உள்நாட்டில் பறக்கும் சிறு விமானங்களுக்கு அது தேவையில்லை என்று 1996இல் அமெரிக்கா சட்டத்தை மாற்றிவிட்டது. எல்லை தாண்டினால் சர்வதேச விதி. விமானத்தின் ரேடியோவுக்கு ஒன்று, அதில் பேசுகிற எனக்கு ஒன்று. எனக்கானதற்குத் தேர்வு கிடையாது. விண்ணப்பம், கட்டணம், ஆயுசுக்கும் செல்லும். ஆக, இந்த உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் விமான ரேடியோவில் பேச எனக்கு அரசாங்க அனுமதி உண்டு. வீட்டில்தான் பேச முடியவில்லை என்று இவரிடம் சொன்னேன்.

பிறகு சுங்கத்துறைக்கு வருடக் கட்டணம் கட்டி வாங்கும் ஸ்டிக்கர். விமான உரிமையாளரின் சம்மதக் கடிதம். பஹாமாஸ் சுங்கத்துக்கு அவர்கள் படிவம். யார் யார் போகிறோம் என்ற பட்டியலை, கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது அமெரிக்க எல்லைக் காவலுக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். 2009இலிருந்து இது கட்டாயம். போகும்போதும் அனுப்ப வேண்டும், திரும்பும்போதும் அனுப்ப வேண்டும். திரும்பும்போது எந்த விமான நிலையத்தில் எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்று அங்குள்ள சுங்க அதிகாரிகளுக்குப் போன் போட்டும் சொல்ல வேண்டும். தவறினால் முதல் தடவைக்கே 5,000 டாலர் வரை அபராதம், விமானியின் தலையில். போதாததற்குக் கரையைச் சுற்றி வான் பாதுகாப்பு எல்லை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வர வேண்டுமானால் பறப்புத் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும், ராடார் கட்டுப்பாட்டாளர் தரும் நான்கு இலக்க எண்ணை, ராடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் போர் விமானம் வந்து எட்டிப்பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பஹாமாஸில் இன்னொரு விதி: இருட்டிய பிறகு கண்ணால் பார்த்துப் பறக்கக் கூடாது. நல்ல விதி.

முதல் முறை கிளம்பியது ஜூன் மாதம். எல்லாக் காகிதமும் கையில், ஜாக்கெட் இடுப்பில். பாம் பீச் வரை ஏறி, கடல் பக்கம் திரும்பினேன். தொடுவானத்தைக் காணோம். மேகம் இல்லை, மழை இல்லை. கடலும் வானமும் ஒரே மோர் நிறத்தில் கலந்து கிடந்தன. கோடையில் சகாரா பாலைவனத்துத் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கே வரை வரும். அன்று வந்திருந்தது. நேர் கீழே பார்த்தால் படகு தெரிகிறது. எதிரே பார்த்தால் பால்.

விதிப்படி பறக்கலாம், ஐந்து கிலோமீட்டருக்கு மேல் பார்வை இருந்தது. ஆனால் தொடுவானம் இல்லாத இடத்தில் காது பொய் சொல்லும். உட்காதில் இருக்கும் சமநிலை நீர் மெதுவான திருப்பத்தை உணராது. இறக்கை சாய்ந்திருக்க, நேராகப் போகிறோம் என்றே உடம்பு சத்தியம் செய்யும். 1999 ஜூலையில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன், மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு இப்படியொரு மங்கலில், இரவில், கடலுக்கு மேல் பறந்தபோது திசை உணர்வை இழந்து விழுந்தார். அவரிடமும் என்னைப் போலக் கண்ணால் பார்த்துப் பறக்கும் தகுதிதான் இருந்தது.

நான் விமானத்தைத் திருப்பினேன். "என்னம்மா, கரை தெரியுதே" என்றார் இவர். பின்னால் பார்த்துச் சொல்கிறார். வாடகை, காத்திருந்த விடுமுறை, தீவில் கட்டிய ஹோட்டல் முன்பணம் எல்லாம் போயிற்று. அன்று வீட்டில் எவரும் என்னைப் பாராட்டவில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம் வேறு. அடுத்த வாய்ப்பு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

அந்த இடைவெளியில் நான் படித்த கதை ஒன்று எங்கள் பாதை மேலேயே நடந்தது. பெர்முடா முக்கோணம் என்று பயமுறுத்துகிறார்களே, அதன் பிள்ளையார் சுழி. 1945 டிசம்பர் 5 அன்று ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து ஐந்து அவெஞ்சர் ரகக் கடற்படை விமானங்கள் 14 பேரோடு பயிற்சிக்குக் கிளம்பின. கிழக்கே போய், கிராண்ட் பஹாமாவுக்கு மேல் வடக்கே பறந்து, திரும்பி வர வேண்டும். தலைவர் லெப்டினன்ட் சார்லஸ் டெய்லருக்குத் திசைகாட்டிகள் வேலை செய்யவில்லை. கீழே தெரிந்த தீவுகளைப் பார்த்து, ஃபுளோரிடாவின் தென்முனைத் தீவுக்கூட்டத்துக்கு மேல் இருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அதற்கு முன் அவர் பறந்து பழகிய இடம் அது. அங்கே இருந்தால் வடக்கும் கிழக்கும்தான் வீட்டுக்கு வழி. இருந்தது பஹாமாஸில் என்பதால் அந்த வழி அட்லாண்டிக்கின் நடுவுக்கு. இருட்டி, எரிபொருள் தீர்ந்து, எல்லாரும் போனார்கள். தேடப்போன பறக்கும் படகு ஒன்றும் 13 பேரோடு போயிற்று. கடலில் தீப்பிழம்பைப் பார்த்ததாக ஒரு கப்பல் சொன்னது. மர்மம் என்று இதில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பழகிய ஊர் போலத் தெரிந்ததை அவர் நம்பினார், கடிகாரத்தை நம்பவில்லை. இன்றைக்கு என்னிடம் ஜி.பி.எஸ். இரண்டு இருக்கின்றன. இருந்தாலும் இவர் மடியில் காகித வரைபடத்தையும் ஒரு நிறுத்துக் கடிகாரத்தையும் கொடுத்தேன். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, எங்க இருக்கோம்னு பென்சில்ல புள்ளி வைங்க. மிஷின் சொல்றதைப் பாக்காதீங்க."

பிப்ரவரியில் அந்த நாள் கண்ணாடி மாதிரி விடிந்தது. ஃபோர்ட் பியர்ஸில் டார்ச்சை வைத்துக்கொண்டு எரிபொருளைச் சோதித்தேன். இந்த ரக செஸ்னாவில் 13 இடங்களில் திருகு குழாய் உண்டு. இறக்கைக்கு ஐந்து, வயிற்றுக்கு அடியில் மூன்று. ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் குப்பியை அமுக்கிக் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விமான பெட்ரோலுக்கு வெளிர் நீலச் சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத முத்தாக உருளும். குனிந்து குனிந்து பதின்மூன்றும் பார்த்து முடிக்க முதுகு பிடித்துக்கொண்டது. ஒன்பதாவதில் துரும்பு போல ஏதோ இருந்தது. அதே இடத்தில் மறுபடி பிடித்தேன், மறுபடி பிடித்தேன். மூன்றாவது தடவை சுத்தம்.

பாம் பீச்சில் 9,500 அடி. இடது பக்கம் திரும்பினேன். தொடுவானம் கத்தியால் கீறியது போல இருந்தது. பதினான்காவது மைலில் "ஆரம்பிங்க" என்றேன். இவர் கடிகாரத்தை அமுக்கினார்.

என்ஜினுக்குக் கண் கிடையாது. கீழே நிலமா கடலா என்று அதற்குத் தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இரண்டாவது நிமிஷம் சத்தம் மாறியது. ஒரு கரகரப்பு. அழுத்தம் பார்த்தேன், வெப்பம் பார்த்தேன், முள் எல்லாம் பச்சையில். இங்கே விமானிகள் இதற்குக் கேலியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், ஆட்டோமேட்டிக் ரஃப் என்று. கரை மறைந்ததும் என்ஜின் தானாகக் கரகரக்கும், மறு கரை தெரிந்ததும் தானாகச் சரியாகும். கோளாறு காதில். தெரிந்தும் கேட்டது. மகளைத் திரும்பிப் பார்த்தேன். படகுப் பை மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், கருவியின் மேல் ஒரு கை.

கீழே கல்ஃப் ஸ்ட்ரீம் மைநீலத்தில் இருந்தது. இவர் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பிறகு எதிரே கடலில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் மை, அந்தப் பக்கம் வெளிர் பச்சை. பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து கடல் திடீரென்று சில மீட்டருக்கு மேடேறும் இடம் அது. அடியில் வெள்ளை மணல் தெரிந்தது. வெஸ்ட் எண்ட். என்ஜின் கரகரப்பு நின்றுவிட்டது.

அதே கிராண்ட் பஹாமா தீவின் ஃப்ரீபோர்ட்டில் இறங்கினோம். 2019 செப்டம்பரில் டோரியன் புயல் ஒரு நாளுக்கு மேல் இந்தத் தீவின் மேலேயே அசையாமல் நின்றபோது விமான நிலையம் கடல் நீரில் மூழ்கிக் கிடந்தது. குடியேற்ற அதிகாரி எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமலே வந்திருக்கிறோம். நானும் மகளும் கழற்றினோம். இவர் மாட்டேன் என்றார். டாக்சியிலும் அதோடுதான் உட்கார்ந்தார், மத்தியானம் சங்கு வறுவல் சாப்பிடும்போதும் அதோடுதான். "திரும்பவும் போகணும்ல."

மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். இரண்டாம் நாள் காலை வானிலை அறிக்கையில், வடக்கேயிருந்து குளிர்காற்றுத் தொகுதி ஒன்று எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக ஃபுளோரிடாவை நோக்கி இறங்குவதாகப் போட்டிருந்தார்கள். அது வந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் மாட்டிக்கொள்வோம். அதற்கு முன்னோடியாகக் காற்று தென்மேற்குக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. மகள் அன்று பவளப்பாறையில் நீந்த ஆசைப்பட்டிருந்தாள். ஹேர் டிரையர் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள் என்று சொல்லி, பட்டியலை அனுப்பி, ஃபோர்ட் பியர்ஸ் சுங்கத்துக்குப் போன் போட்டு, பத்து மணிக்குள் கிளம்பிவிட்டோம்.

ஃபுளோரிடாக் கரைக்கு 12 மைல் இருக்கும்போது இவர் கடிகாரத்தை நிறுத்தினார். என் பக்கம் நீட்டினார்.

"பதினஞ்சு நிமிஷம்னு சொன்ன. பதினெட்டு ஆகுது."

"போகும்போது 9,500, இப்போ 8,500. சறுக்குற தூரம் குறையுது, நடுவுல இடைவெளி கூடுது. போதாததுக்கு எதிர்க்காத்து."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்ல" என்றார். பென்சிலால் வரைபடத்தின் ஓரத்தில் 18 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.